காய்ந்த உருளைகள்

தீவின் மான்களுக்காக வைத்த தீவனப் பெட்டியின் நான்கு மூலைகளிலும் உருளைகள் நிற்கும். சோளம் தின்ன மான் தலையை நுழைத்தால் கழுத்தும் காதும் அவற்றில் உரசியே தீரும். உருளையில் ஊறிய மருந்து மானின் மேலிருக்கும் உண்ணிகளைக் கொல்லும். வாரம் ஒருமுறை அந்த மருந்தை ஊற்றுவது லொரெட்டாவின் பொறுப்பு.

மூன்று வருடத்துக்கு முன், தீவு நிர்வாகம் கேட்டதற்காக அவள் இதை ஏற்கவில்லை. அவள் கணவன் ஆல்டனுக்கு மண்ணீரல் கிடையாது. பழைய லாரி விபத்தில் எடுத்துவிட்டார்கள்; அது இல்லாத உடம்பால் உண்ணிக் கிருமியை எதிர்க்க முடியாது. அவள் மருந்து ஊற்றி வந்தும் சென்ற ஜூனில் ஓர் உண்ணி அவனைக் கடித்தது. அது கொண்டுவந்த கிருமி அவன் இரத்தத்தைத் தின்றது. பாஸ்டன் மருத்துவமனையில் பதினெட்டு நாள் வைத்து, இரத்தம் மாற்றிப் பிழைக்க வைத்தார்கள். இன்னொரு கடியை உடம்பு தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள்.

நவம்பர் முடியும் நேரம். திங்களன்று மருந்து ஊற்றியிருந்தாள். சோளம் நிரப்ப, வழக்கமில்லாமல் புதன் காலை மறுபடி போனாள். உருளைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தன. நிர்வாகம் தரும் மலிவு உருளைகள் அல்ல, அடர்ந்த கம்பளி சுற்றிய பெயின்டர் உருளைகள். போன வருடம் அவள் வீட்டுக்கு வெள்ளையடித்தது இந்த வகையால்தான். அடித்தவன் ஆல்டனின் தம்பி வின்ஸ்லோ.

அவன் தொலைவில் இல்லை. ஓக் மரக் கிளையில் ஒரு பெண்மானைத் தொங்கவிட்டு, வயிற்றைக் கிழித்துக் குடலை இறக்கிக்கொண்டிருந்தான். விடியலிலேயே சுட்டிருக்க வேண்டும், உடல் ஆறிவிட்டிருந்தது.

"உருளைய மாத்தினது நீதானே?"

"காலங்காத்தால விசாரணையா? ஒரு காபியாவது கொண்டாந்தியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"மருந்து ஒட்டின கறிய எவன் தின்பான், லொரெட்டா? கிறிஸ்துமஸுக்கு ரெண்டு தட்டு வாங்கித் தின்னியே, அது எங்க மேஞ்ச மானுன்னு நினைச்ச?"

"எத்தனை நாளா?"

"நாளா? இது மூணாவது வருஷம். நீ ஊத்திட்டுப் போவ, நான் கழட்டிருவேன், அடுத்த திங்களுக்கு முன்னாடி திரும்ப மாட்டிருவேன். சோளத்துல கை வைக்கலையே!"

காய்ந்த உருளையோடு நிற்கும் பெட்டி, பெட்டியே இல்லாததைவிட மோசம். சுற்றுவட்டார மான்களை ஓரிடத்துக்கு அழைத்து உண்ணிகளை உதிர்க்க வைக்கும். இன்று உதிரும் உண்ணியின் குஞ்சு மனிதனைக் கடிக்கும் அளவுக்கு வளர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். லொரெட்டாவுக்குக் கணக்கு உடனே புரிந்தது: ஆல்டனைக் கடித்தது, வின்ஸ்லோ முதல் வருடம் உதிரவிட்ட உண்ணியின் குஞ்சு.

சோளம் அள்ளக் கையில் வைத்திருந்த இரும்பு முகவையால் அவன் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. இரண்டாவது அடி காதில் விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கியபோது வின்ஸ்லோவின் முஷ்டி அவள் வாயில் இறங்கியது. ஒரு பல் நாக்கில் உருண்டது. இருவரும் கட்டிப் புரண்டு, கயிறு அறுந்து விழுந்த மானின் மேலேயே சரிந்தார்கள். அவள் அவன் தொண்டையை நெரித்தாள். அவன் அவள் விலாவில் குத்திக்கொண்டே இருந்தான்.

"அவளை விடுடா!" வீட்டுப் பாதையில் ஆல்டன் ஓடிவந்துகொண்டிருந்தான்.

வின்ஸ்லோதான் முதலில் பார்த்தான். மானின் ஆறிய உடலை விட்டு வெளியேறிய உண்ணிகள் அவன் மணிக்கட்டில் ஊர்ந்தன. லொரெட்டாவின் கழுத்தில், கூந்தலில், ஸ்வெட்டரின் மடிப்பில் எள் சிந்தியதுபோல் ஏறிக்கொண்டிருந்தன. அவன் கை நின்றது. அவளும் பார்த்தாள்.

"ஆல்டன், அங்கயே நில்லு! கிட்ட வராத!" என்று கத்தினாள். வாயில் இரத்தம் நிறைந்திருந்ததால் சொல் தெளிவாக வரவில்லை. அவன் இன்னும் வேகமாக ஓடிவந்தான்.

வின்ஸ்லோ மரத்தில் சாய்த்திருந்த துப்பாக்கியை எடுத்து, அண்ணனின் காலுக்கு மூன்றடி முன்னால் தரையில் சுட்டான். மண்ணும் கல்லும் சிதறின. ஆல்டன் பின்னால் விழுந்தான். சிதறிய கல் பட்டு அவன் கணுக்காலில் இரத்தம் வழிந்தது.

"பைத்தியமாடா உனக்கு?"

"எங்க மேல பூரா உண்ணி. இன்னொரு அடி வச்சா முழங்கால்ல சுடுவேன். கால் இல்லாமக்கூட பொழைச்சுக்கலாம்."

ஆல்டன் மனைவியைப் பார்த்தபடி எழ முயன்றான்.

லொரெட்டா பல்லைத் துப்பினாள். "எழுந்து இந்தப் பக்கம் வந்தான்னா சுடு, வின்ஸ்லோ," என்றாள். "குறி தப்பாம பாத்துக்கோ."

வின்ஸ்லோ அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளினான். ஆல்டன் பின்பக்கமாகவே ஊர்ந்து பாதையின் வளைவில் மறையும்வரை துப்பாக்கிக் குழல் அவனை விட்டு விலகவில்லை.