கை தூக்கியவள்

மெக்கானிக்குக்குக் கோபமே வராது என்று கூட வேலை பார்ப்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கோபமெல்லாம் வரும், வாய்தான் வராது. லிஃப்ட் பழுது பார்த்தே தலை நரைத்துப்போன மனிதர். அந்த வேலையில் மோட்டார் இரைச்சலுக்கு நடுவே கத்தினாலும் காதில் விழாது. அதனால் லிஃப்டின் கூரைமேல் நிற்கும் கூட்டாளி கையை உயர்த்துவான். நான் ஒதுங்கிவிட்டேன், நகர்த்து என்று அர்த்தம். கையைப் பார்த்த பிறகும் ‘சரிதானா?’ என்று கேட்டால் அது கூட்டாளியை அவமதிப்பது. இவர் ஒருநாளும் கேட்டதில்லை.

மலையேறப் போனாலும் அதே சட்டம்தான். இவர் முன்னால் நடப்பார். பாதை எங்கே இரண்டாகப் பிரிகிறதோ அங்கே நிற்பார். பின்னால் வரும் மனைவி கண்ணில் பட்டதும் கையைத் தூக்குவாள், இவர் தம் வழியில் திரும்பி நடப்பார். “நான் உங்க பொண்டாட்டியா, இல்ல உங்க லிஃப்டா?” என்று அவள் கேலி செய்த காலமும் உண்டு. இப்போதெல்லாம் பேசாமல் கையை மட்டும் தூக்குகிறாள்.

நாளைக் காலை அவள் தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆனால் படுக்கையறை அலமாரியில் அவளுடைய தட்டு காலியாகியிருந்தது. காலி செய்ததோடு விடாமல் துடைத்து, புதுக் காகிதம் வேறு விரித்திருந்தாள். திரும்பி வருகிறவள் எதற்குத் தட்டைத் துடைக்க வேண்டும்?

மகளுக்குக் கல்யாணம் ஆகிப் போனபின் அந்த வீட்டில் மிஞ்சியது இரண்டு பேரும் ஒரு டிவியும். இதில் டிவிதான் பேசும். “செவுத்துக்கிட்டப் பேசினாக்கூட எதிரொலியாவது வரும்,” என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னபோது, இவர் உப்பை நகர்த்தி வைத்தார். அன்றைக்கே அவள் அக்காவுக்குப் போன் செய்துவிட்டாள்.

‘போகாதே. நீ இல்லாம என்னால முடியாது.’ சொல்ல வேண்டியது அவ்வளவுதான். வேலை நேரத்தில் லிஃப்ட் குழிக்குள் உட்கார்ந்து பலமுறை சொல்லிப் பார்த்தார், நன்றாகத்தான் வந்தது. வீட்டில் வரவில்லை. அதனால், “ஞாயித்துக்கிழமை மலைக்குப் போலாமா? ஒரு விஷயம் சொல்லணும்,” என்றார். அதையும் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துத்தான் சொன்னார்.

இலையுதிர் காலம் முடியும் தறுவாய். மரங்கள் பாதி மொட்டையாகிவிட்டன, பாதையெல்லாம் ஈர இலை. பனிமூட்டத்தில் இவருடைய கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சட்டை நுனியே நனைந்துவிட்டது. உச்சிக்குப் போய்த்தான் என்ன? அங்கேயும் மரம்தான். ஊரைப் பார்க்கலாம், ஆற்றைப் பார்க்கலாம் என்று ஏறி வருகிறவர்களை ஏமாற்றுவதற்கென்றே இருக்கும் மலை அது.

விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் டீயைக் குடித்தார்கள். அவள் தன் சிவப்பு மழைக்கோட்டுப் பையிலிருந்து அவித்த முட்டையை எடுத்து உரித்து அவரிடம் நீட்டினாள்.

“ஏதோ சொல்லணும்னீங்களே?”

முகத்துக்கு நேராகக் கேட்டாள். கண்ணில் ஓர் எதிர்பார்ப்பும் இருந்தது. அதைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“ஷூவுக்குள்ள தண்ணி போயிடுச்சா?” என்றார்.

“இல்ல,” என்றாள் அவள். டம்ளரைக் கவிழ்த்து மிச்ச டீயைக் கொட்டினாள். “இறங்கலாம், மழை வரும்.”

தம்மைத் தாமே திட்டிக்கொண்டு இறங்கினார். மடையன், முட்டாள், ஜடம். பாதை பிரியும் இடம் வந்ததும் நின்றார். இடதுபக்கம் கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் வழி, வலதுபக்கம் பள்ளத்தை ஒட்டிப் போவது. சற்று நேரத்தில் பனிக்குள்ளிருந்து சிவப்பு மழைக்கோட்டு தெரிந்தது. கை உயர்ந்தது. இவர் இடதுபக்கம் திரும்பி நடந்தார்.

பின்னால் இலைகள் மிதிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. முகம் தெரியவில்லை, காலடி மட்டும்தான். அப்போது அவருக்கே ஆச்சரியமாக, வாய் திறந்துகொண்டது.

“போகாதே,” என்றார் முன்னால் பார்த்தபடி. “நீ இல்லாம என்னால முடியாது. நான் பேசறதில்லதான். உன் மேல பிரியம் இல்லன்னு அர்த்தம் இல்ல. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, நீ சமையலறையில இருக்கற சத்தம் கேட்டாத்தான் எனக்கு மூச்சே வரும். அது உனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னாத்தானே?”

பின்னாலிருந்து பதில் இல்லை. யோசிக்கிறாள், யோசிக்கட்டும் என்று நினைத்தார். மனதில் இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினார். மகள் கல்யாணத்தன்று மொட்டைமாடியில் தனியாக அழுததைக்கூடச் சொன்னார். கார் அருகே வந்து சேர்ந்தபோது உடம்பே லேசாகிவிட்டது. சாவி அவள் பையில் இருந்தது. திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

“சார்,” என்று ஒரு குரல் தயங்கியது. திரும்பினார். சிவப்பு மழைக்கோட்டுக்குள் யாரோ ஒரு பெண், மகள் வயதுதான் இருக்கும். அழுது முகம் சிவந்திருந்தது. “முதல்ல போன்ல பேசறீங்கன்னு நெனச்சேன். அப்புறம் நடுவுல நிறுத்த மனசு வரல. என்னையே பாத்துட்டு நின்னீங்கன்னுதான் கையத் தூக்கினேன். மேல ஒருத்தங்க உக்காந்து ஷூ லேஸ் கட்டிட்டிருந்தாங்க. அவங்களா?”

மெக்கானிக் ஏற்கனவே ஓட ஆரம்பித்திருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. மலைக்கு மேலே போன் சிக்னல் எடுக்காது. பாதை பிரியும் இடத்துக்கு மூச்சிரைக்க வந்தபோது அங்கே யாரும் இல்லை. கூப்பிட்டார். பிறகு பள்ளத்தின் பக்கமிருந்து கரகரத்த குரல் கேட்டது. “ஏங்க! ஏங்க!”

சரிவில் வேரைப் பிடித்துக்கொண்டு அவள் மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். முழங்கால் வரை சேறு. முள் கிழித்த இரண்டு கையிலும் ரத்தம். இவரைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க விழுந்தீங்க? அடி பட்டுச்சா?” தோளையும் முழங்கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “வந்து பாக்கறேன், உங்களக் காணோம். நீங்கதான் நிக்காமப் போக மாட்டீங்களே. பள்ளத்துல சறுக்கின தடம் வேற இருந்துச்சு. செத்தேன்னு நெனச்சேன். கத்திக் கத்தித் தொண்டையே போச்சு.”

விழுந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். மெக்கானிக்குக்குப் பொய் சொல்லவும் வரவில்லை.

“விழல. கார் வரைக்கும் போயிட்டேன். வேற ஒரு பொண்ணு கையத் தூக்கினா. நீன்னு நெனச்சேன்.”

தோளைத் தொட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

“கார் வரைக்குமா? நான் வர்றேனா இல்லையான்னு தெரியாமலா?”

“பேசிட்டே போனேன்.”

“பேசினீங்களா? நீங்களா?” அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “என்ன பேசினீங்க?”

எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தது. இப்போதுதானே அழகாகச் சொல்லி முடித்தார்! ஆனால் அவளுடைய கைகள் எதிரே இருந்தன. தாம் விட்டுவிட்டுப் போனதுகூடத் தெரியாமல், தம்மைத் தேடிப் பள்ளத்தில் இறங்கிய கைகள். மலையில் ஒருத்தியைத் தனியாக விட்டுவிட்டுப் போனவன், என்னை விட்டுப் போகாதே என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பான்?

“சும்மா, வீட்டு விஷயம்,” என்றார்.

அவள் காத்திருந்தாள். மழை வலுத்தது. அதற்குமேல் எதுவும் வராது என்று தெரிந்ததும் கைகளை மழைக்கோட்டில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“காலையில என்னை ஸ்டேஷன்ல விட்டுடறீங்களா?”

“விடறேன்,” என்றார் மெக்கானிக்.