நண்பகலில் தூங்கிய அவரைச் செடிகள்

நான் படிக்கப் போன ஊருக்கும் எங்கள் வீட்டுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். வீட்டில் பொழுது விடியும்போது அங்கே நடுச்சாமம். விமானத்தை விட்டு இறங்கியதுமே செல்போன் தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொண்டது. விசுவாசம் கெட்ட சாமான். கைக்கடிகாரத்தை நான் மாற்றவே இல்லை. பதினான்கு மாதமாக என் மணிக்கட்டில் வீட்டு நேரம்தான் ஓடியது.

கையைத் திருப்பினால் போதும். அம்மா தையல் கடையைத் திறந்திருப்பாள், அப்பா ஆபீஸ் நாற்காலியில் தூங்கி விழுந்துகொண்டிருப்பார் என்று தெரிந்துவிடும். வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்கும், எனக்கு மட்டும் தையல் மிஷின் சத்தம் கேட்கும். பஸ்ஸில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே அந்த ஊர்த் தெரு, கண்ணுக்குள் எங்கள் தெரு. எதில் இறங்குவது என்று தெரியாமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கியிருக்கிறேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது, ஒளிப்பானேன்.

படிப்பு தாவரவியல். கல்லூரியின் தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறையை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். உள்ளே நாற்பது தொட்டிகளில் அவரைச் செடி. வெயில், சூடு, ஈரம் எல்லாம் சுவரில் இருக்கும் பெட்டியில் நாம் வைக்கிறபடி. அந்த அறைக் கணக்கில் காலை ஆறுக்கு விளக்குகள் எரியும், மாலை ஆறுக்கு அணையும். பாதித் தொட்டிகளுக்கு ஒரு புது உரம் போட்டு, அது இலைகளை நிமிர்த்துகிறதா என்று பார்க்க வேண்டும். வகுப்பு முடிந்து தினமும் பகல் ஒரு மணிக்குப் போய், இலைகள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று கோணமானி வைத்து அளப்பேன்.

அவரை இலை ராத்திரியில் தொங்கும், பகலில் நிமிரும். என் செடிகளோ முளைத்த நாளிலிருந்து பட்டப்பகலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. உரம் போட்டது, போடாதது எல்லாம் ஒரே லட்சணம். நாற்பதாவது நாள், இந்த ரகத்தின் இலைகள் இயல்பிலேயே பகலில் தொங்குபவை என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். எங்கள் பேராசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை யாரும் பார்க்காத விஷயம், வெள்ளிக்கிழமை துறை முழுவதற்கும் நீயே சொல்ல வேண்டும் என்றார். சொல்லி முடித்தால் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை விமானம். பதினான்கு மாதத்துக்குப் பிறகு வீடு. நான் பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன்.

புதன்கிழமை பாடம் எடுப்பவருக்குக் காய்ச்சல். காலை பத்துக்கே கீழே இறங்கிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நாற்பது செடிகளும் நிமிர்ந்து நின்றன. இவ்வளவு நாளாக எனக்கு முகம் கொடுக்காதவை, இலைகளை அகல விரித்து, வா வா என்றன. அறை முழுக்க வெயில் நிறம்.

வழக்கமாக ஒரு நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். மாட்டிக்கொண்டால் யார் வந்து திறப்பது? கதவு திறந்திருக்கும்வரை, ஃப்ரிட்ஜில் எரிகிற மாதிரி, உள்ளே ஒரு தனி விளக்கு எரியும். அன்று வெளியே கடுங்குளிர். கதவைச் சாத்திவிட்டுத் தொட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தேன். ஈர மண் வாசனை. கதகதப்பு. கண் சொக்கிவிட்டது.

விழித்தபோது விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்துகொண்டிருந்தன. கடைசி வரிசை மட்டும் சாயங்கால வெயிலாக மிச்சமிருந்தது. இலைகள் மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்திருந்தன. கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஆறு. சரிதான், இருட்டுகிற நேரம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா கடையில் விளக்கைப் போட்டிருப்பாள். அப்பா பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பார். அவ்வளவு நிம்மதியாக அந்த ஊரில் நான் ஒருநாளும் இருந்ததில்லை.

அப்போதுதான் வயிறு கூப்பாடு போட்டது. நான் இன்னும் மதியச் சாப்பாடே சாப்பிடவில்லை.

தூக்கிவாரிப் போட்டது. விதை போட்ட முதல் நாள் சுவர்ப் பெட்டி இப்போது மணி என்ன என்று கேட்டது. செல்போனை வாசலிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அங்கே விதி. நான் மணிக்கட்டைப் பார்த்துப் பதில் போட்டேன். நாற்பது நாளாக இந்தச் செடிகள் எங்கள் வீட்டு நேரத்துக்கு விழித்து, எங்கள் வீட்டு நேரத்துக்குத் தூங்கியிருக்கின்றன. நான் தினமும் வந்து, கதவு திறந்தால் எரிகிற விளக்கையே பகல் என்று நம்பி, தூங்குகிற பிள்ளைகளை அளந்துவிட்டுப் போயிருக்கிறேன்.

மேல்மாடி ஆய்வகத்தில் நம் பாஷை பேசுகிற அண்ணன் ஒருவர் உண்டு. எதிலும் முந்திக்கொள்வதால் அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். ஓடிப்போய்ச் சொன்னேன். நான் முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

"வாயத் திறக்காத. வெள்ளிக்கிழமை பேசு, ஞாயித்துக்கிழமை பிளைட் ஏறு. அந்தப் பொட்டிக்குள்ள மணி என்னன்னு யாரு போய்ப் பாக்கப் போறா?"

"அவங்க அதை நம்பிட்டாங்கண்ணா."

"நம்பினா நல்லதுதானே! நீ அம்மாவப் பாத்து எத்தனை மாசமாச்சு?"

அதை மட்டும் அவர் கேட்டிருக்கக் கூடாது. படி இறங்கும்போது பேசாமல் இருந்துவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன். புதிதாகப் பொய் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். ஆனால் பேராசிரியையின் கதவில் என் அறிக்கையின் முதல் பக்கம் ஒட்டியிருந்தது. அடுத்த வருடம் இரண்டு மாணவர்கள் இதைத் தொடருவார்கள் என்று அவர் கையால் கீழே எழுதியிருந்தார். இல்லாத ஒன்றைத் தேடி இன்னும் இரண்டு பேர் அந்தக் குழிக்குள் வந்து உட்கார வேண்டும். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. கதவைத் தட்டிவிட்டேன்.

பேராசிரியையைக் கீழே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். கும்மிருட்டு. சின்ன டார்ச்சை அடித்துத் தொங்கும் இலைகளைக் காட்டினேன். அப்புறம் என் மணிக்கட்டைக் காட்டினேன்.

"இது எந்த ஊர் இருட்டு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு இருட்டு."

சிரித்துவிடுவார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ஓர் இலையை விரலால் தூக்கிவிட்டார், அது மறுபடி தொங்கியது.

"வெள்ளிக்கிழமை வேண்டாம். புது விதை போடு, மறுபடி நாப்பது நாள். மணியை நீயே மாத்திடு."

அவர் கோபப்படாததுதான் அதிகம் வலித்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம் அவ்வளவுதான்.

மாற்றினேன். பகல் ஒன்று என்று அழுத்தியதும் எல்லா விளக்குகளும் பளீரென்று எரிந்தன. இப்போதுதான் கண் அசந்த செடிகள் எழுந்திருக்கத் தெரியாமல் அப்படியே நின்றன. அவற்றிடம் மன்னிப்புக் கேட்டேன். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

வாசலில் செல்போனைக் கையில் எடுக்கும்போதே அடித்தது. அம்மா.

"அம்மா, நான் இந்த லீவுக்கு வரல."

கடிகாரம், அறை, அவரைச் செடி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது. அம்மாவைப் பொறுத்தவரை உலகம் முழுவதும் அவளுடைய மணிதான். பதினான்கு மாதமாக என் மத்தியானத்தில் கூப்பிட்டு, ராத்திரி சாப்பிட்டாயா என்பாள். சாப்பிட்டேன் என்பேன். திருத்த எனக்கு மனசே வந்ததில்லை.

"சரி, அங்க இப்ப மணி என்ன?" என்றாள்.

"ஒண்ணேகால். மத்தியானம்."

"மத்தியானமா?" குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வெயில் அடிக்குதா அங்க?"

தெரியவில்லை. படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு, "அடிக்குதும்மா" என்றேன்.