எசக்கியா பேரில் இருக்கிற கூரை

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, எதிர்வீட்டு வெர்டெலுடையது. அவள் கார் பழுதாகிக் கிடந்ததால் தீவிலிருந்து பாலம் தாண்டி, காப்பீட்டு ஏஜென்ட்டின் அலுவலகத்துக்கு என் காரில் கூட்டிப்போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், காது மட்டும் சும்மா இருக்கவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: "புயல் காலம் நெருங்க நெருங்க வெர்டெலின் நெஞ்சில்—"

அடித்துவிட்டேன். அவள் நெஞ்சில் அன்று காலை ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் புதுத் தகரக் கூரை போட்டிருந்தாள். அதை பாலிசியில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: "அப்பா எப்படி இருக்காரு, மிஸ் வெர்டெல்?" என்று கேட்டான் ஏஜென்ட் டாப்னி.

இது நிற்கட்டும்.

2

"அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவு காலம் ஆச்சுப்பா! சர்ச்சுக்குப் பின்னால, அம்மா பக்கத்துல படுத்திருக்காரு."

டாப்னி தட்டச்சை நிறுத்தினான். "பாலிசி உங்க அப்பா எசக்கியா பேர்லதானே இருக்கு?"

"ஆமா. நான்தான் தவறாம கட்டுறேனே."

"அப்ப இது யாரு வீடு?"

"அப்பா வீடு."

"அவர்தான் இல்லையே."

"அவர் இல்லேன்னா வீடு அவரோடது இல்லேன்னு ஆயிடுமா? அந்தச் செவுரை என்ன, உங்க அப்பனா கட்டினாரு?"

(வாசகரே, சிரிக்கலாம், ஆனால் அவளை ஏமாற்றுக்காரி என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் தீவில் செத்தவர் பேரை வீட்டிலிருந்து யாரும் எடுப்பதில்லை. உயில் எழுதுவது சாவுக்கு வழி சொல்லி அனுப்புவது மாதிரி. நிலம் எல்லோருக்கும் பொது. இருப்பவர் இருப்பார், ஊரைவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் அவருக்கும் இடம் உண்டு.)

"நாளைக்கே கூரை பறந்தா இந்த பாலிசியில எதுவும் கிடைக்காது, மிஸ் வெர்டெல். வீட்டுக்காரர் உயிரோட இல்ல. நீங்க குடியிருக்கீங்க, பேர் இல்ல."

"அப்ப என்னதான் வழி?"

"வாரிசுங்க எல்லாரும் சேர்ந்து புது பாலிசி எடுக்கலாம். எல்லாரும் கையெழுத்துப் போடணும். எத்தனை பேரு?"

"நானு. பிலடெல்பியாவுல என் தம்பி."

"ரெண்டே பேர்தானா? அப்ப சுலபம்."

வெர்டெல் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் எடுத்துவிட்டேன்.

3

ஏன் சுலபமில்லை?

ஒரு வாரிசு கோர்ட்டுக்குப் போய், என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டால் போதும். வீட்டைக் கத்தியால் அறுக்க முடியாது. மொத்தத்தையும் விற்றுத்தான் பிரிப்பார்கள். வடக்குக் கரையில் வாயிற்காவலன் நிற்கிற விடுதிகள் எல்லாம் அப்படிக் கைமாறிய நிலங்கள். தம்பி கிளியோஃபஸ் பஸ் ஓட்டுகிறவன், ஊர்ப்பக்கம் வந்து வெகுகாலம் ஆகிறது. தனக்கு இங்கே பாதி இருக்கிறது என்பதை அவன் மறந்திருப்பான் என்பதே வெர்டெலின் நிம்மதி. கையெழுத்துக் கேட்டால் அவளே ஞாபகப்படுத்தினதாக ஆகும். கேட்காவிட்டால் புயல் வரும்.

முதல் பிரதியில் கிளியோஃபஸுக்குத் தங்க மோதிரம் போட்டுப் பேராசைக்காரன் ஆக்கியிருந்தேன். பிறகு உறுத்தியது. நான் அவனைப் பார்த்ததே இல்லை. மோதிரத்தைக் கழற்றிவிட்டேன்.

டாப்னியையும் வில்லனாக்கப் பார்த்தேன்.* நடக்கவில்லை.

* காரணம்: கிளம்பும்போது கார் வரை வந்து, "உங்க அப்பா செத்த சேதி காதுல விழாத மாதிரி நான் இருந்திருக்கலாம், மிஸ் வெர்டெல். புயல் அடிச்ச பிறகு இதை உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வராது" என்றான். இப்படிச் சொன்னவனை எப்படி வில்லனாக்குவது?

4

தெற்கே கடலில் புயல் ஒன்று சுழல ஆரம்பித்த அன்று வெர்டெல் தம்பிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். அவள் வீட்டு நீலம் பூசிய முகப்புக் கூரைக்கடியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா? யாரு செத்தா?"

"ஏன்டா, செத்தாத்தான் கூப்பிடணுமா?"

"இதுவரைக்கும் அப்படித்தானே."

"அப்பா செத்துட்டாருன்னு கம்பெனிக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

கிளியோஃபஸ் வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப புது பாலிசியில என் பேரும் இருக்குமா?"

அவள் கையிலிருந்த பட்டாணி உருண்டு போனது. "...இருக்கும்."

"பேப்பரைத் தபால்ல அனுப்பாத. நான் நேர்ல வரேன்."

போனை வைத்ததும் என்னிடம் கேட்டாள்: "எதுக்கு அப்படிக் கேட்டான்?"

"எப்படி?"

"என் பேரும் இருக்குமான்னு."

எழுதுகிறவன் நான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

5

முடிவு அ: அவன் வருமுன் புயல் கூரையைக் கொண்டுபோகிறது. எழுத மனம் வரவில்லை. உண்மையில் அந்தப் புயலும் திரும்பிக் கடலுக்கே போய்விட்டது. அடுத்தது வராமலா இருக்கும்?

முடிவு ஆ: அவன் வக்கீலோடு வருகிறான். கழற்றிய மோதிரம் மறுபடி விரலில் ஏறிக்கொள்கிறது. வேண்டாம்.

முடிவு இ: அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு— (இதை நானே நம்பவில்லை.)

6

ஆகவே நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

மழை விட்டிருந்த நேரம். வாடகைக் கார் ஒன்று வெர்டெல் வீட்டு முன்னால் வந்து நின்றது. நரைத்த தாடியோடு ஒருவன் இறங்கினான். அவன் படியேறவில்லை. புதுத் தகரத்தை நிமிர்ந்து பார்த்தான். வேலியோரமாக நிலத்தின் கோடிவரை நடந்தான். பீக்கன் மரத்தடியில் குனிந்து நாலைந்து கொட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான். வாங்க வந்தவனும் அப்படித்தான் நடப்பான், வீடு திரும்பியவனும் அப்படித்தான் நடப்பான்.

உள்ளே தக்காளியில் வெந்த சிவப்புச் சோறும் பொரித்த மீனும் மேசைமேல் இருந்தன, சற்றுமுன் போனபோது பார்த்திருந்தேன். வெர்டெல் வாசலுக்கு வந்தாள்.

"சோறு ஆறுதுடா, கிளீ."

"ஷூ பூரா சேறுக்கா. உன் வீட்டுத் தரை வீணாயிடும்."

அவள் கதவை அகலத் திறந்தாள். இத்தனை நாள் எந்த வாக்கியம் தன் வாயிலிருந்து வந்துவிடக்கூடாது என்று பயந்துகொண்டிருந்தாளோ, அதைச் சொன்னாள்.

"உன் வீடுந்தான்டா இது. உள்ள வா."

அவன் ஷூவைக் கழற்றினான். கழற்றிக்கொண்டே தாழ்ந்த குரலில் என்னவோ பதில் சொன்னான். சாலைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அது கேட்கவில்லை. வெர்டெலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. நீங்கள் அந்தப் படியில், சேற்று ஷூவைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்: