பதினான்காம் நம்பர் பஸ் ஓடியதில்லை

மேலச்சேந்தனூரில் பதினான்காம் நம்பர் பஸ் எந்தக் காலத்திலும் ஓடியதில்லை என்று நகராட்சி முடிவெடுத்து, ஊராரிடம் அதற்குக் கையெழுத்து வாங்கியது. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதவள், சட்டைக் கம்பெனியில் காஜா எடுக்கும் இருதயமேரி ஒருத்திதான். கையெழுத்துப் போட்டவர்களின் கண்ணுக்கு அன்றைக்கே பஸ் தெரியாமல் போனது, வழக்கம்போல. கடைசி ஆளும் போட்டுவிட்டால் பஸ் அடியோடு இல்லாமல் போகும். அதோடு டிரைவரும் கண்டக்டர் மாசிலாமணியும் போவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் மார்க்கெட் மணிக்கூண்டும் அதற்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தவரும் அப்படித்தான் போனார்கள்.

மாசிலாமணியின் மனைவி தில்லைநாயகியும் போட்டிருந்தாள். கூட்டமாக வந்து கேட்டார்கள், பக்கத்து வீடுகளில் போட்டாயிற்று என்றார்கள், அவளும் போட்டுவிட்டாள். அதிலிருந்து மாசிலாமணி வீட்டுக்குப் போய் எதிரே நின்றாலும் அவளுக்குத் தெரிவதில்லை. அவர் பஸ்ஸிலேயே படுத்துக்கொண்டார். இருதயமேரி தினமும் மூன்று பேருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனாள். அவர் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார்.

நகராட்சியின் இசைவுப் பிரிவிலிருந்து பூங்குன்றன் என்ற அலுவலர் வந்தார். தங்கமான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். பஸ் ஸ்டாப்பில் அவள் பக்கத்தில் நின்று, பதினோராயிரம் கையெழுத்துகளைக் காட்டினார்.

"ஊரே சொல்லுதும்மா. ஊரா தப்பு, நீங்களா?"

"ஊருதான் சார்," என்றாள்.

மறுநாள் ஒரு கண் டாக்டர் வந்தார். அவளைப் பார்க்காமலே, இல்லாத பஸ் தெரிவது சத்துக்குறைவு என்று எழுதிக் கொடுத்தார். அதற்கடுத்த நாள் சினிமாவில் நடிக்கவேண்டிய அழகுள்ள ஒரு வாலிபன் படிவத்தோடு வந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

நான்காம் நாள் பூங்குன்றன் சின்னதாக ஒன்று கேட்டார்.

"பஸ் இல்லைன்னு நீங்க சொல்ல வேண்டாம். சில நாள் லேட்டா வருதுன்னு மட்டும் ஒத்துக்குங்க. உண்மைதானே?"

உண்மைதான். போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் பஸ்ஸில் கடைசி வரிசை சீட்டைக் காணோம். மாசிலாமணியின் விசிலையும் காணோம்.

"போயிருச்சுக்கா," என்றார் அவர். "பரவாயில்ல. நாக்க மடிச்சு அடிச்சுக்கறேன்."

இருதயமேரிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, அதில் பாதி தன் மேலேயே. அன்றிலிருந்து அவள் எதையும் ஒத்துக்கொள்வதை நிறுத்தினாள். வெயில் ஜாஸ்தி என்றார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குப் புதன்கிழமைதானே என்று பூங்குன்றன் நைசாகக் கேட்டுப் பார்த்தார். "அதை நான் சொல்றதா இல்ல," என்றாள். அந்த வாரம் ஊரில் செவ்வாய்க்கிழமை இரண்டு நாள் நடந்தது. செவ்வாய்ச் சந்தைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

பூங்குன்றனுக்கு ஒரு தொல்லை இருந்தது. அவர் பேசி முடிப்பதற்குள் இவள் பஸ் ஏறிப் போய்விடுவாள். ஒருநாள் பேச்சை முடித்துவிடும் வேகத்தில், அவள் கால் வைத்த இடத்திலேயே அவரும் வைத்தார். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் படி இருந்தது. ஏறிவிட்டார். ஏறிய பிறகு ஏறியதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. எனவே கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்த பஸ் இல்லை என்கிற உத்தரவை முதலிலிருந்து உரக்க வாசித்தார். இடுப்பளவு உயரத்தில் நின்று வாசித்தபடி அவர் கடைத்தெரு வழியாகப் போவதை ஊர் பார்த்தது.

அடுத்த நாள் ஸ்டாப்பில் ஏழு பேர் நின்றார்கள். சும்மா நிற்பதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை நாற்பது பேர் சும்மா நின்றார்கள். இருதயமேரி ஏறியதும், இப்படி ஒன்று கிடையாது என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் ஏறினார்கள்.

"உள்ள போங்க, இல்லாத பஸ்ஸுல படியில நிக்காதீங்க," என்றார் மாசிலாமணி.

கடைசியாக, காலால் படியைத் துழாவிக்கொண்டு ஏறியவள் தில்லைநாயகி. கம்பியைப் பிடித்தபடி வெறும் காற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் காற்றில் மெல்லப் புருஷன் முகம் தெரிந்ததும், "இளைச்சுப் போயிட்டீங்களே," என்றாள்.

மாசிலாமணி விசிலடிக்க நாக்கை மடித்தார். வரவில்லை. பஸ் அங்கேயே ஐந்து நிமிடம் நின்றது. இருதயமேரி அழுதாள், யார் பார்த்தால் என்ன என்று நன்றாகவே அழுதாள்.

நகராட்சி விட்டுக்கொடுக்கவில்லை. பதினான்கு ஓடியதே இல்லை, மக்கள் ஏறிப் போவது பதினான்கு ஏ, அதுதான் ஆதியிலிருந்து ஓடுகிறது என்று புது உத்தரவு வந்தது. வேலைக்கும் போகலாம், கௌரவமும் கெடாது. ஊர் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது.

பூங்குன்றன் படிவத்தோடு ஸ்டாப்புக்கு வந்தார். "இதுல உங்களுக்கு என்னம்மா நஷ்டம்? இந்தத் தடவை இருக்குன்னுதானே கேக்கறேன்?"

இருதயமேரி பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, அவர் சட்டைப் பையிலேயே செருகினாள். அவர் அதை எடுத்து, அவள் பக்கத்தில் நின்ற தில்லைநாயகியிடம் நீட்டினார்.

"ஒருதடவ போட்டது போதும் சார்," என்றாள் அவள்.

மறுநாள் காலை எட்டு இருபதுக்கு, ஊரே இடுப்பளவு உயரத்தில், இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தபடி அந்த ஸ்டாப்பைக் கடந்து போனது. முன் வரிசையிலிருந்து பூங்குன்றன் கையசைத்தார். கையெழுத்துப் போடாதவர்களுக்குப் பதினான்கு ஏ தெரியவில்லை, உட்கார்ந்து போனவர்களுக்குக் கீழே சாலைதான் தெரிந்தது. இரண்டு பெண்களும் வழிவிட்டு ஒதுங்கி நின்று, பதினான்குக்காகக் காத்திருந்தார்கள்.