சூடம் அணைத்த ஐந்து பேர்

கீரனூர்ச் சாலையில் கம்பெனி பஸ் ஒன்று புளியமரத்தில் மோதிய மறுவாரம், முதலாளிக்குப் பாதுகாப்பில் அக்கறை பிறந்தது. டிரைவர்கள் ஆறு பேரும் திருக்கோகர்ணம் கோயில் வாசலில் சூடம் அணைத்து, முப்பது மைல் வேகத்தைத் தாண்ட மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்றார். ஐந்து பேர் செய்தார்கள். ஆறாமவன் தைரியநாதன், ஆவூர் வேதக்காரன்.

"நீ ஒங்க மாதா கோயில்லயே பண்ணு. சாமியார்கிட்ட ஒரு சீட்டு வாங்கியா," என்றார் மேனேஜர் உடையப்பன்.

"பண்றேங்க. மொதல்ல என் வண்டி பிரேக்கைப் பாக்கச் சொல்லுங்க. மிதிச்சா பெடல் பலகையைத் தொடுது."

"அஞ்சு பேரு சத்தியம் பண்ணுனாங்க. ஒருத்தனாச்சும் பிரேக் கேட்டானா?"

"அவுங்க வண்டி மிதிச்சா நிக்கிதுங்களே."

"வேகமாப் போறவனுக்குத்தான்டா பிரேக்கு. மெதுவாப் போறவனுக்கு எதுக்கு?"

இருபது வருஷம் ஓட்டியும் தைரியநாதனுக்கு இந்த ஞானம் எட்டியிருக்கவில்லை. வீட்டில் நாலு பிள்ளைகள். இந்த வேலை போனால் வேறு கம்பெனி சேர்க்காது. அவன் ஓட்டும் திருச்சி வண்டியில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். ஏறி உட்கார்ந்தான். ஒருமுறை மிதித்துப் பார்த்தான். எழுந்து திரும்பி நின்றான்.

"பிரேக் சரியில்லைங்க. எறங்கிக்கங்க."

ஒருவரும் அசையவில்லை.

"சூடம் அணைச்சுட்டாங்கன்னு ஊரே பேசுது. எடுப்பா. பத்து மணிக்கு நான் கோர்ட்டுல நிக்கணும்," என்றாள் முன்சீட்டுப் பிச்சையம்மாள்.

"அணைச்சது அவுங்க, ஆத்தா. நான் அணைக்கலை."

"அப்ப அணைச்சவனை ஓட்டச் சொல்லு."

தைரியநாதன் இறங்கிவிட்டான். மேனேஜருக்கு அவள் சொன்னது நல்ல யோசனையாகப் பட்டது. சூடம் அணைத்தவர்களில் நாகராசுவைக் கூப்பிட்டார். நாகராசு ஏறி உட்கார்ந்து மிதித்தான். இன்னொரு தரம் மிதித்தான்.

"காலையிலேருந்து வயிறு சரியில்லைங்க," என்று இறங்கினான்.

அடுத்துக் கூப்பிட்ட மலையாண்டிக்கு வண்டிக்குள் ஏறாமலே தலை சுற்றியது.

ஒன்பது மணிக்கு வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிச்சையம்மாள் வேறு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். தைரியநாதனைத் திட்டிக்கொண்டே ஓடினாள். பத்து மணிக்கு அவனுக்கு வேலை நீக்கக் கடிதம் வந்தது. காரணம்: பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு ஒத்துழைக்க மறுத்தது.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவன் பட்டறைக்குப் போனான். மெக்கானிக் செல்லமுத்து சக்கரத்தைக் கழற்றியிருந்தான்.

"பிரேக் லைனிங்கே இல்லண்ணே. வெறுந் தகடு. இதையா ஓட்டுனீங்க?"

"மூணு வாரமா," என்றான் தைரியநாதன்.