நுஸ்ரியாவின் கிணற்றில் ஓடிய ஆறு

எருக்கலம்பிட்டியில் நுஸ்ரியாவின் கிணற்றுத் தண்ணீர் ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரத்தில் ஓடத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் ஊறும், வற்றும், இது ஓடியது. கிழக்குப் பக்கத்துக் கல்லிடுக்கில் புறப்பட்டு, மேற்குச் சுவருக்குள் புகுந்து காணாமல் போனது. அள்ளப் போட்ட வாளியை ஒரேயடியாக மேற்கே இழுத்தது. நுஸ்ரியா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெயிலில் தனக்குத்தான் மண்டை கலங்கிவிட்டதாக்கும் என்று நினைத்தாள். பிறகு ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து உவர்த்த தண்ணீர் அன்று இனித்தது. ஒரு மருத இலை மிதந்து வந்து, கிணற்றைக் கடந்து, தன்பாட்டில் போனது. அந்த ஊரில் மருதமரமே கிடையாது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு விரல்நீள மீன். சில வருடங்களுக்கு முன் எங்கிருந்தோ வந்த, மலேரியா பரப்பும் ஒரு புதுவகை நுளம்பு மன்னார்த் தீவில் குடியேறியிருந்தது. ஊர் நுளம்புகளைப் போல சாக்கடையில் முட்டையிடுவது அதற்குக் கௌரவக் குறைச்சல். சுத்தமான கிணறுதான் வேண்டும். அதனால் கிணறு கிணறாக, நுளம்புப் புழுவான குடம்பியைத் தின்னும் மீன் விடச் சொல்லிச் சுகாதாரப் பகுதியின் உத்தரவு. அந்த வேலைக்கு வந்த றிம்ஷாவிடம் நுஸ்ரியாவின் முறை வரும்போது மீன் முடிந்துவிட்டது.

"உங்கட மாப்பிள்ளை பெரியமடுதானே?" என்றாள் றிம்ஷா. "அங்க ஆத்தில பொட்டுமீன் இருக்கும், கொண்டுவரச் சொல்லுங்கோ. ஒண்டு மட்டும்: மீனை வலையில எடுத்து விடுங்கோ. கொண்டுவாற தண்ணியை ஊத்திப்போடாதேங்கோ."

பொட்டுமீன் என்பது அங்குள்ளவர்கள் வைத்த பெயர். தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு இருக்கும். மேலிருந்து பார்த்தால் தண்ணீரில் அது மட்டும்தான் தெரியும். ஆழத்துக்குப் போகாது. மேல்மட்டத்திலேயே திரிந்து, விழுகிற பூச்சியையும் நெளிகிற குடம்பியையும் தின்னும். தன் முட்டைகளை ஒவ்வொன்றாக நூலில் கட்டியதுபோல் நீர்வேர்களில் தொங்கவிடும். மாரி தொடங்கி ஆறு பெருகியதும் வாய்க்கால் வழியே வயல்களுக்கு ஏறிவிடும்.

நுஸ்ரியாவின் கணவன் பஸ்லானும் அந்த ஆற்றுக்காரன்தான். அந்தப் பக்கத்து முஸ்லிம்களிடையே கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குக் குடிவருவது வழக்கம். அவனும் வந்தான், அவன் வருகைக்காக வீட்டுக்குப் புதுப் பெயின்ற்கூட அடித்தார்கள். ஆனால் கடலோடு அவனுக்கு ஒத்துவரவில்லை. "வாறதும் போறதுமா நிக்குது, ஒரு இடத்துக்கும் போய்ச் சேருதில்ல" என்று கடலைப் பற்றிக் குறை சொல்லுவான். வியாழன் வந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியமடுவுக்குப் போய், ஆற்றங்கரையில் இருந்துவிட்டு மறுநாள் வருவான். ஏதோ ஒரு வியாழன் போனவன் திரும்பி வரமாட்டான் என்ற பயம் நுஸ்ரியாவின் நெஞ்சில் கிடந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைச் சோற்றை மட்டும் இரண்டு பேருக்கு அளந்து வைப்பாள்.

மீனுக்காக அவன் கொண்டுபோனது பெயின்ற் அடித்து மிஞ்சிய வெள்ளை வாளி. மீன் பிடித்ததென்னவோ அவன்தான். வாளியை நிரப்பியது அவன் உம்மா ஆசியா உம்மா. பெரியமடுவில் ஒரு வீட்டு ஏனம் இன்னொரு வீட்டிலிருந்து வெறுமையாகவோ அரைகுறையாகவோ போகாது. ஆகவே அவர் ஆற்று மணலில் இரண்டு பிடி, மருதவேரில் ஒரு கொத்து, மீதிக்கு விளிம்பு வரை ஆற்றுத் தண்ணீர் என்று போட்டு, ஸலவாத்து ஓதி மூடி அமர்த்தினார். "ஒரு சொட்டு மிச்சம் வைக்காம ஊத்து மகன், மிச்சம் வைச்சா பறக்கத் இல்ல, பெருகாது" என்றும் சொல்லிவிட்டார். றிம்ஷாவின் பேச்சும் உம்மாவின் பேச்சும் மோதினால் எந்த மகனும் செய்வதையே பஸ்லானும் செய்தான். மீனோடு ஆற்றையும் சேர்த்து ஊற்றிவிட்டு ஜும்ஆவுக்குப் போனான்.

அதற்குப் பிறகு அவன் வியாழக்கிழமைகளில் எங்கும் போகவில்லை. கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து தண்ணீர் போவதைப் பார்த்தான். உடம்பும் கொஞ்சம் வைத்தது. கிணற்றில் பொட்டுக்கள் பெருகின, நுளம்பு ஒழிந்தது, ஒரு மீன்கொத்தி வந்து கப்பியில் குடியிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் குடத்தோடு வந்து நல்ல தண்ணீர் அள்ளிப்போனார்கள். மேற்பார்வைக்கு வந்த றிம்ஷா எட்டிப் பார்த்துவிட்டு, "குடம்பி இல்ல. மற்றது எங்கட வேலை இல்ல" என்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள். நுஸ்ரியா சந்தோஷமாக இருந்தாள். வெள்ளிக்கிழமைச் சோற்றை அளக்காமலே போட்டாள். நெல்லுப் பதரும் சவர்க்காரத் துண்டும் மிதந்து வந்தன. ஒருநாள் ஒற்றைச் செருப்பு ஒன்றும் வந்தது. உரியவர் வரட்டும் என்று அவள் அதை வேலியில் மாட்டினாள். செய்தி பஸ்ஸில் ஏறி ஊர் ஊராகப் போனது.

ஐப்பசியில் செருப்பின் சொந்தக்காரர் வந்தார். அதே ஆற்றின் கீழ்ப்பக்கம், இலுப்பைக்கடவையில் வயல் செய்கிற சிவராசா, மனைவி பரமேஸ்வரி, ஒரு பை கத்தரிக்காய். செருப்பைப் போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கிணற்றுக்கட்டிலேயே குந்திவிட்டார்.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ, இது எங்கட ஆறு" என்றார். "மழை ரெண்டுதரம் விழுந்திட்டுது, ஆத்தில ஒரு சொட்டு நிக்கேல்ல. எங்க போகுதெண்டு இப்பத்தான் தெரியுது."

"மீன் வயலுக்கு ஏறவேணும் பிள்ளை" என்றார் பரமேஸ்வரி. "மீன் ஏறாட்டி கொக்கு வராது. கொக்கு வராட்டி பூச்சியெல்லாம் எங்கட பயிரிலதான். விதைக்கவும் பயமாக் கிடக்கு."

ஆறு போனால் பஸ்லானும் அதன் பின்னால் போய்விடுவான் என்று நுஸ்ரியா பயந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடலாம், கிணறு அவளுடையது. ஆனால் கத்தரிக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்த பரமேஸ்வரியின் முகத்தைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய் வெள்ளை வாளியை எடுத்து வந்தாள்.

முதலில் வேர்க்கொத்தை முட்டைகளோடு எடுத்தாள், பிறகு மீன்களை. நுளம்புக்காகச் சிலதை மட்டும் விட்டுவைத்தாள். பிறகு ஓட்டம் நிற்கும்வரை தண்ணீரை அள்ளி ஊற்றினாள். ஒரு பெயின்ற் வாளியில் ஆறு அடங்குமா என்று யாரும் கேட்கவில்லை, வந்ததும் அதில்தான். மூடியை அமர்த்திப் பஸ்லானிடம் கொடுக்கும்போது ஒரே ஒரு பேச்சுச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, வாளி எங்கட. மாமியிட்ட அதைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கோ."

அந்த மாரி நல்ல மாரி. சிவராசாவின் வயல்களில் மீன் ஏறியது, கொக்கு வெள்ளையாக இறங்கியது. பஸ்லான் விதைப்புக்கு உம்மாவோடு நின்றான், களை பிடுங்கவும் நின்றான். ஃபோனில் மீனைப் பற்றியே பேசினான். எப்போது வருவீர்கள் என்று நுஸ்ரியா கேட்கவேயில்லை. கிணறு உவர்த்துப் போய்ச் சும்மா கிடந்தது, மீன்கொத்தியும் போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் அவள் பழையபடி சோற்றை இரண்டு பேருக்கு அளந்து, ஒரு பங்கைக் கோழிக்குப் போட்டாள்.

அறுவடை முடிந்து ஆறு குழிகுழியாக வற்றத் தொடங்கிய பங்குனியில், வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. பின்னால் கட்டிய வெள்ளை வாளியின் மூடிக்குக் கீழே தண்ணீர் சலசலத்தது.

"மாமி என்ன சொன்னவ?" என்று கேட்டாள் நுஸ்ரியா.

"வெறும் வாளி அனுப்பப்படாதாம்" என்றான் அவன், வாளியை இறக்கியபடி. "அங்க கோடையில குழிக்குள்ள கிடந்து சாகுற மீன் இஞ்ச வந்து இருக்கட்டுமாம். நானும் இருக்கட்டுமாம். எனக்கும் அதுதான் விருப்பம்."

நுஸ்ரியா சிரித்தாள், கூடவே அழுதாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் இரண்டு பேருமாகக் கிணற்றில் ஊற்றினார்கள்.

இப்போது வருடாவருடம் அப்படித்தான். ஐப்பசியில் பஸ்லான் வாளியோடு போகிறான், பங்குனியில் வாளியோடு வருகிறான். போன முறை அவர்களுடைய மகளும் பெற்றோல் தாங்கியில் உட்கார்ந்து போய்வந்தாள். கோடையில் இலுப்பைக்கடவை வழியாக பஸ்ஸில் போகிற புதியவர்கள் பாலத்தடியில் வெறும் மணலைக் கண்டு, இங்கே ஒரு ஆறு இருந்ததே, எங்கே என்று கேட்பதுண்டு. சாரதி கியரை மாற்றிக்கொண்டே பதில் சொல்லுவார்.

"பொம்பிளை வீட்ட போயிருக்கு. மாரிக்கு வரும்."