இரவில்லாத கோளில் ஒரு காலை

எழுத்தாளர் தம் பன்னிரண்டாவது விண்வெளி நாவலை அன்று மாலைக்குள் பதிப்பகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் இந்த ஆண்டு புத்தகம் வராது. கடைசி அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்த மனைவி கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏங்க, இந்தக் கோள்ல ரெண்டு சூரியன், ராத்திரியே கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் 'மறுநாள் காலை' எங்கிருந்து வந்துச்சு?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேடிப் பார்த்தால் முப்பத்தொரு இடங்களில் பொழுது விடிந்திருந்தது.

"எல்லாத்தையும் அடிச்சுட்டாப் போச்சு," என்று சமாளித்தார்.

"அடிங்க, யாரு வேண்டாம்னா? ஆனா அங்க பிள்ளைங்களை என்ன சொல்லித் தூங்க வைப்பாங்க?"

பேனாவை எடுத்தவர் அதை மூடி வைத்தார். எத்தனையோ கோள்களைப் படைத்தவருக்கு இது தோன்றவே இல்லை. பதிப்பகத்துக்குப் போன் செய்தார்.

"இந்த வருஷம் வேண்டாங்க. அந்தப் பிள்ளைங்க எப்படித் தூங்குதுன்னு பார்த்துட்டு வந்து தர்றேன்."